டர்போ பூட்டிய அத்தான்

கெர்லிங்கைத் தாண்டிக் கலும்பாங் போகும் பழைய பெருஞ்சாலை. இரண்டு பக்கமும் செம்பனை. பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, என் அத்தான் மாணிக்கம் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார். உள்ளேயிருந்து வந்த புகையில் அவர் முகம் தெரியவில்லை.

சாலையோரக் கல்லின் மேல் நாளிதழை விரித்து என் அக்கா லெட்சுமி உட்கார்ந்திருந்தாள். அரக்கு நிறப் பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை, மடியில் சீர்த்தட்டு. தட்டிலிருந்த லட்டுகளில் எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் அப்போது அவளுக்கு இருந்த ஒரே வேலை. நான் பக்கத்தில் நின்று கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தேன். எரிந்த எண்ணெய் வாடையும் மல்லிகை வாசனையும் சேர்ந்து அடித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தலை வலிக்கும்.

சற்றுத் தள்ளி அவர்கள் மகள் தர்ஷினி குடை பிடித்து நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. அவள் ஜெயித்துவிட்டாள்.

என் அத்தான் நல்லவர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் வருவதைப் படித்தால் அந்த எண்ணம் உங்களுக்கு வராமல் போகலாம். போன வாரம் இந்தப் பத்தியில் என் பழைய தலைமையாசிரியரைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு அத்தான் போன் செய்தார். ஊரில் உள்ளவர்களை எல்லாம் எழுதுகிறாய், என்னை மட்டும் எழுதிவிடாதே டீச்சர் என்றார். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதை நினைவுக்கே வந்திருக்காது.

சுவரைத் தட்டிக் காட்டும் வீடு

அத்தான் செம்பனை ஆலையில் எண்ணெய் லோரி ஓட்டியவர். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, லயத்திலேயே கல்யாணம் முடித்து, கடைசியில் கோல சிலாங்கூரில் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி ஒன்றில் சொந்த வீடு வாங்கினார். வரிசை வீடுகளில் ஓரத்து வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் மண் உண்டு. அதில் அக்கா முருங்கையும் கத்தரியும் போட்டிருக்கிறாள்.

தோட்டத்து மேனேஜர் வந்து காலி பண்ணச் சொல்ல முடியாத வீடு என்றுதான் அத்தான் அதை எல்லாருக்கும் அறிமுகப்படுத்துவார். புதிதாக வருகிறவர்களுக்குச் சுவரை வேறு தட்டிக் காட்டுவார். நான் அடுத்த வரிசையில் குடியிருக்கிறேன், அந்த வீடு கட்டும்போதே பார்த்தவள். எனக்கும் பல தடவை தட்டிக் காட்டியிருக்கிறார்.

அந்த வீட்டில் ஒரு நாள் காலை பசியாறிக்கொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சு அடைத்தது.

கார் போர்ச்சில் நின்றது. அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. எனக்கு மோட்டார் சைக்கிள் மட்டும்தான் தெரியும், அதுவும் அன்றைக்கு நான் ஈப்போவில் ஒரு சாவு வீட்டில் இருந்தேன். அக்கா தெருவுக்கு ஓடிப்போய் நின்று கையை ஆட்டியிருக்கிறாள். வேலை நாள், அக்கம்பக்கத்தில் எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று, வந்தபாடில்லை. கடைசியில் மீன் விற்க வந்த ஒரு மலாய்க்காரர், பெட்டிகளை ஒதுக்கிவிட்டு அத்தானைத் தன் வேனில் படுக்கவைத்து, தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பிழைத்துக்கொண்டார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ரத்தக் குழாய்க்குள் ஒரு சின்ன வலைக் குழாயை வைத்தார்கள். கண் விழித்ததும் அத்தான் சொன்ன முதல் புகார், சட்டையில் மீன் கவிச்சி அடிக்கிறது என்பது.

தர்ஷினி ஷா ஆலாமில் வங்கியில் வேலை செய்கிறாள். கட்டில் பக்கத்தில் நின்று அழுதாள். அப்பா வீட்டுக்கு வந்து நன்றாக நடமாட ஆரம்பித்ததும் அழுகையை விட்டுவிட்டுத் திட்டத் தொடங்கினாள். பழைய வீடு, பழைய கார், அவசரத்துக்கு ஓர் ஆள் இல்லை, இரண்டு பேரும் எங்களோடு வந்துவிடுங்கள், அடுக்குமாடியில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது என்றாள். வாராவாரம் இதையே சொன்னாள்.

அவள் சொன்ன மூன்றில் ஒன்றுதான் அத்தானின் காதில் விழுந்தது. பழைய கார். ஸ்பேனர் வைத்துத் திருகக்கூடிய பிரச்சினை மட்டும்தான் அத்தானுக்குப் பிரச்சினை. மற்றதெல்லாம் பெண்கள் பேச்சு.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் சின்னம்மா பேரனுக்குக் கலும்பாங்கில் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. அத்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இந்தக் கார்லயே கலும்பாங் போயி வரேன். நீயும் கூட வா. வழியில எங்கயாச்சும் நின்னுச்சுன்னா, வீட்டைப் பூட்டிட்டு நாங்க ஒங்கூட வந்துடுறோம். நிக்கலைன்னா இந்தப் பேச்சை நீ விட்டுடணும்.”

தர்ஷினி யோசித்தாள். பிறகு சரி என்றாள். அப்பனும் மகளும் கை குலுக்கிக்கொண்டார்கள். நான் சாட்சி. அக்கா அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

காற்றாடியும் குமரேசனும்

அந்தக் காரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அது மெரூன் நிறம். தர்ஷினி பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அந்த வீட்டில் இருக்கிறது. வேகம் கிடையாது. மேட்டில் ஏறும்போது ஏர்கோனை அணைத்தால்தான் ஏறும். அப்போது எல்லாரும் கண்ணாடியை இறக்கிக்கொள்வோம், அது எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் அது வழியில் நின்றதாக எனக்கு நினைவில்லை.

அதாவது ஒன்றும் செய்யாமல் எண்ணெயை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பியிருந்தால், அத்தான் பந்தயத்தில் சுலபமாக ஜெயித்திருப்பார்.

எண்ணெய் மாற்றத்தான் போனார். தஞ்சோங் காராங்கில் வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்க்கால் ஓரமாகக் குமரேசன் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். வேலையில் கெட்டிக்காரன், விற்பதில் அதைவிடக் கெட்டிக்காரன். ஒரு வாடிக்கையாளருக்காக இணையத்தில் ஒரு டர்போ கிட் வரவழைத்திருக்கிறான். அந்த ஆள் மனம் மாறி வரவில்லை. பெட்டி மூலையில் கிடந்தது. அத்தான் கண்ணில் பட்டது.

அன்று சாயங்காலம் அவர் அக்காவுக்கும் எனக்கும் டர்போவை விளக்கினார். எஞ்சினிலிருந்து வெளியே போகும் புகை ஒரு காற்றாடியைச் சுற்ற வைக்குமாம். அதோடு சேர்ந்து இன்னொரு காற்றாடி சுற்றி, வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்குமாம். காற்று கூடினால் பலம் கூடுமாம். வீணாகப் போகிற புகைதான், கூடுதல் செலவே இல்லை என்றார்.

“பசியில்லாத புள்ளைக்கு வாயைத் தொறந்து ஊட்டுற மாதிரியா?” என்று அக்கா கேட்டாள்.

அத்தான் ஆமாம் என்றார். கேள்வியில் இருந்த குத்தல் அவருக்குப் புரியவில்லை.

நான் இதைப் பற்றிப் பிறகு விசாரித்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு வேறு என்ன வேலை? தொழிற்சாலையிலேயே டர்போவோடு வரும் காருக்கு, உள்ளே உள்ள எல்லாமே அந்த அழுத்தத்தைத் தாங்கும்படி செய்திருப்பார்களாம். நம்முடைய பழைய கார் அப்படிப்பட்டதல்ல. அதன் ரப்பர் எல்லாம் காய்ந்து, இணைப்புகள் எல்லாம் தளர்ந்து, தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பது. அதன் தலையில் புது மருமகள் மாதிரி இதைக் கொண்டுவந்து வைத்தால், டர்போ நன்றாகத்தான் சுற்றும். அதற்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய், குழாயைப் பிடித்திருக்கும் வளையம், காற்றுக்கும் பெட்ரோலுக்கும் போட்ட கணக்கு, இவற்றில் ஒன்றுதான் முதலில் கைவிடும். அழுத்தத்தைக் குறைத்து வைத்து, பொறுமையாகச் சரிபார்த்து, வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மகளிடம் பந்தயம் கட்டிவிட்டு அவசர அவசரமாகப் பூட்டுவதில்லை.

அத்தானும் விசாரிக்காமல் இல்லை. இது தாங்குமா என்று குமரேசனைக் கேட்டிருக்கிறார். கிட் தாங்கும் அங்கிள் என்று அவன் சொல்லியிருக்கிறான். எஞ்சின் தாங்குமா என்று அத்தான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குமரேசன் பொய் சொல்லியிருக்க மாட்டான். கேட்காததைச் சொல்லும் பழக்கம்தான் அவனுக்குக் கிடையாது.

எல்லாம் நார்மல்

கார் திரும்பி வந்தபோது விசிலடித்துக்கொண்டு வந்தது. தெரு நாய்கள் எழுந்து நின்றன. அத்தான் குமரேசனுக்குப் போன் செய்தார். விசில் நார்மல் லா அங்கிள் என்றான் அவன்.

இரண்டு நாளில் லேசாகக் கருகல் வாடை வந்தது. புதுக் குழாய், சூட்டில் அப்படித்தான் இருக்கும், நார்மல் என்றான். சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் தெரிந்தது. ஒரு சொட்டுதானே, நார்மல். அந்த வாரத்தில் எங்கள் வீடுகளில் அந்தச் சொல் பரவிவிட்டது. ரசத்தில் உப்புக் கூடிவிட்டது என்று அத்தான் சொன்னால், நார்மல் லா என்று அக்கா உள்ளேயிருந்தே பதில் சொல்வாள்.

இன்னொன்றும் வந்து சேர்ந்தது. டர்போ பூட்டிய காரை ஓட்டிவந்து நிறுத்தியவுடன் எஞ்சினை அணைக்கக் கூடாதாம். சூடான காற்றாடி ஆறும்வரை எண்ணெய் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமாம். அதனால் அத்தான் எங்கே போனாலும், போய்ச் சேர்ந்த பிறகும் காரிலேயே உட்கார்ந்திருப்பார். மார்க்கெட்டுக்கு முன்னால், கோயிலுக்கு முன்னால், சொந்த வீட்டு போர்ச்சில், உர்ரென்ற எஞ்சினோடு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வீட்டில் ஏதாவது சண்டையா என்று எதிர்வீட்டு அம்மா என்னிடம் மெதுவாக விசாரித்தார்.

அக்காவுக்கு அதில் வேறு ஒரு வருத்தம். டாக்டர் இவரைக் காலையில் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார். நடப்பதற்கு நேரமில்லை, காரை ஆற வைக்க மட்டும் நேரம் இருக்கிறதாம். உங்களுக்கு ஒரு குழாய் வைத்தார்கள் என்பதற்காக அந்தக் காருக்கும் ஒரு குழாய் வைக்க வேண்டுமா என்று கேட்டாள். அத்தான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் இனிமேல் கவலையில்லை என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கையைப் பார்த்தேன். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். வீட்டை விட்டுப் போக வேண்டிவருமோ என்ற பயம் அவருக்கு உள்ளே நிறைய இருந்தது. அதை வாயால் சொல்லத் தெரியாத மனிதர், டர்போ வாங்கிப் பூட்டினார்.

சந்தனம்

கல்யாணத்தன்று விடிந்ததும் அக்கா காருக்குப் பூசை போட்டாள். அவளுக்கு டர்போ பிடிக்கவில்லை, ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்ட எதையும் அவள் பொட்டில்லாமல் விடமாட்டாள். ஆயுத பூசையன்று அரிவாள்மணை, கிரைண்டர், என் மோட்டார் சைக்கிள், ஒன்றும் தப்பாது.

அத்தான் பெருமையாகப் பானெட்டைத் திறந்து காட்டினார். கிட்டோடு வந்த காற்று வடிகட்டி அங்கே மூடியில்லாமல் நின்றது. கூம்பு மாதிரி, உருண்டையான தலையோடு, வெள்ளி வளையத்தின் மேல் நிமிர்ந்து நிற்கும் சாமான். அக்கா அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அது சிவலிங்கம் மாதிரித்தான் தெரிந்தது.

சந்தனத்தைக் குழைத்து மேலிருந்து கீழாகத் தாராளமாக அப்பினாள். திருநீற்றால் மூன்று பட்டை. நடுவில் குங்குமம். உச்சியில் ஒரு செவ்வந்தி. அத்தான் கைகூப்பி நின்றார். அந்த வழியாகத்தான் எஞ்சின் மூச்சு விடுகிறது என்று எங்களுக்கு அரை மணி நேரம் விளக்கம் சொன்ன அதே அத்தான்தான். பிறகு சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

மேடு

முன்னால் தர்ஷினி, பின்னால் அக்காவும் நானும், எங்களுக்கு நடுவில் சீர்த்தட்டு. தர்ஷினியின் வீட்டுக்காரர் பிள்ளைகளோடு ஷா ஆலாமிலிருந்து நேராகக் கலும்பாங் போய்விட்டார்.

பெஸ்தாரி ஜெயா வரைக்கும் கார் பறந்தது. உண்மையாகவே சொல்கிறேன், நன்றாகத்தான் போனது. செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரியை அத்தான் முந்தினார். அந்தக் கார் ஒரு லோரியை முந்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முந்திவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ரவாங் பக்கம் பெருஞ்சாலையில் ஏறி வடக்கே திரும்பினோம். கோல குபு பாருவைத் தாண்டியதும் விசில் சத்தம் மாறியது. மூக்கடைத்த மனிதன் தூங்குவது போல இழுத்தது. அத்தான் மிதித்தார். கார் முனகியது.

கெர்லிங் தாண்டி ஒரு மேட்டில் தர்ஷினி திரும்பிப் பார்த்துவிட்டு, பின்னால் பாருங்கப்பா என்றாள். நீலப் புகையில் எங்களுக்குப் பின்னால் வந்த வண்டிகள் ஒன்றும் தெரியவில்லை. காலைப் பனி என்றார் அத்தான். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எண்ணெய் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிய, கார் தானாகவே ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டது.

குமரேசனுக்குப் போன் போட்டார். புகை என்ன நிறம் என்று அவன் கேட்டான். நீலம் என்றார். இந்தத் தடவை அவன் நார்மல் என்று சொல்லவில்லை. அங்கேயே இருங்க அங்கிள், எஞ்சினை முடுக்காதீங்க, நான் வண்டி கொண்டுவரேன் என்றான்.

பிறகு அவன் வந்து பார்த்துச் சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க் குழாய் சூட்டில் உருகி ஒழுகியிருந்தது. வடிகட்டியில் சந்தனம் காய்ந்து பாதி மூச்சை அடைத்திருந்தது, செவ்வந்தி இதழ்கள் வேறு ஒட்டிக்கிடந்தன. இதில் எதனால் கார் நின்றது என்று அவனிடம் கேட்டோம். ரெண்டும்தான் என்றான். அத்தானுக்குச் சந்தனம்தான் காரணம், அக்காவுக்கு டர்போதான் காரணம். அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை, தீர்க்க நானும் விரும்பவில்லை.

லட்டுத் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு

தர்ஷினி தன் வீட்டுக்காரருக்குப் போன் செய்து வரச் சொன்னாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் சாலையோரத்தில் இருந்தோம்.

அத்தான் பானெட்டிலிருந்து தலையை வெளியே எடுத்தார். முகமெல்லாம் கரி. மகளுக்கு முன்னால் வந்து நின்று, சொன்னா சொன்னதுதான், அடுத்த வாரமே வந்துடுறோம் என்றார். எண்ணெய்க் கையைப் பட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார். அதுவரை கேலியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் மனசு கேட்கவில்லை. திரும்பிச் செம்பனை மரங்களைப் பார்த்தேன்.

ஜெயித்தவள் முகத்திலும் சந்தோஷம் இல்லை. குடையை அப்பா தலைக்கு மேல் பிடித்தாள்.

அக்கா சீர்த்தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

“என்னாங்க, ஒன்னு கேக்குறேன். அன்னிக்கு ஒங்களுக்கு நெஞ்சு அடைச்சப்ப, இந்தக் கார் ரிப்பேரா கெடந்துச்சு?”

அத்தான் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“நல்லாத்தான இருந்துச்சு. நான் சாவியக் கையில எடுத்துக்கிட்டுத்தான் ரோட்டுக்கு ஓடுனேன். எதுக்கு எடுத்தேன்னு எனக்கே தெரியல. சாவிய வச்சிக்கிட்டு, போற வர்ற வண்டிக்கெல்லாம் கையக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். காரு பின்னாடி போர்ச்சுல சும்மா நிக்குது. ஓட்டத்தான் ஆள் இல்ல.”

எங்கள் யாருக்கும் அவள் இதைச் சொன்னதில்லை. அக்காவின் கையில் அன்றைக்குச் சாவி இருந்தது என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

“நீங்க ரெண்டு பேரும் காரை வச்சுப் பந்தயம் கட்டுனீங்க,” என்றாள். “அந்த வீட்டுல நானும்தான் இருக்கேன். என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல.”

ஒரு லோரி பெரிய சத்தத்தோடு கடந்து போனது. அது போகும்வரை எல்லாரும் காத்திருந்தோம். தர்ஷினி அம்மா பக்கம் வந்தாள்.

“இப்ப கேக்குறேன்மா. ஒனக்கு என்னா வேணும்?”

“லைசன் எடுக்கணும்,” என்றாள் அக்கா.

அதற்குள் தர்ஷினி வீட்டுக்காரரின் கார் வந்துவிட்டது. கலும்பாங் மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, பந்தியில் பாயசம் போய்க்கொண்டிருந்தது. கரி பூசிய முகத்தோடு வந்த அத்தானைப் பார்த்து, சமையல்காரர் என்று நினைத்து யாரோ இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்கள்.

பெடல் மூன்று, அக்காவுக்குக் கால் இரண்டு

தர்ஷினி அப்போதைக்கு ஒரு முடிவு சொன்னாள். அம்மா லைசன் எடுத்தால் அடுத்து யோசிக்கலாம், எடுக்காவிட்டால் ஷா ஆலாம். அறையைக் காலியாகவே வைத்திருக்கிறேன் என்றாள். பந்தயத்தில் தோற்ற அத்தான் தலையாட்டினார்.

குமரேசன் டர்போவைக் கழற்றி, எஞ்சினைச் சரிசெய்து, காரைப் பழையபடி ஆக்கிக்கொடுத்தான். மேட்டில் மறுபடியும் ஏர்கோனை அணைக்க வேண்டியதாயிற்று. பெட்டி வொர்க்‌ஷாப் மூலைக்கே திரும்பிப்போனது.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். உண்டாங் என்று சொல்லும் சாலைவிதிப் பரீட்சைக்கு நான் வீட்டில் பாடம் எடுத்தேன். இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான், இவ்வளவு கேள்வி கேட்கும் மாணவியைப் பார்த்ததில்லை. யாருமே வராத சாலையில் சிவப்பு விளக்கு எதற்கு என்று அவள் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அத்தான் முதலில் சிரித்தார். பெடல் மூன்று இருக்கிறது, உனக்குக் கால் இரண்டுதான் என்றார். மேட்டில் நிறுத்தி எடுக்கும் பரீட்சையில் கார் பின்னால் உருள, அக்கா தோற்றுவிட்டு வந்த அன்று அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால், வரவேற்பறையில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் மூன்று செருப்பு. பக்கத்தில் அத்தான் ஒரு குடையைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார், அதுதான் ஹேண்ட்பிரேக். கிளட்சை மெதுவா விடு, எஞ்சின் குரல் மாறும், அப்பத்தான் பிரேக்கை இறக்கணும் என்கிறார். எஞ்சின் குரலையும் அவரே போட்டார். நான் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்தேன்.

அடுத்த தடவை அக்கா பாஸ் செய்தாள்.

தர்ஷினி ஒரு சனிக்கிழமை வந்தாள். அம்மா ஓட்டுவதைப் பார்க்க வேண்டும் என்றாள். கண்ணாடியில், புதிதாக லைசன் எடுத்தவர்கள் ஒட்ட வேண்டிய ‘பி’ எழுத்து ஒட்டியிருந்தது. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டீயரிங்கின் முன் உட்கார்ந்தாள். பக்கத்தில் அத்தான். பின்னால் நானும் தர்ஷினியும். மார்க்கெட் வரை போய்வருவாள் என்று நினைத்தோம்.

மார்க்கெட்டுக்குத் திரும்பும் இடத்தில் அவள் திரும்பவில்லை. தஞ்சோங் காராங் சாலையில் நேராகப் போனாள். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அத்தான் ஒரே ஒரு தடவை, கியரை மாத்து என்றார். வயல் பக்கத்துக் காற்று உள்ளே வந்தது. அவளுக்குப் பின்னால் நாலைந்து கார்கள் பொறுமையாக ஊர்ந்து வந்தன.

ஆஸ்பத்திரிக்குள் திரும்பி, அவசரப் பிரிவு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமல் அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்தாள்.

“இவ்ளோ கிட்டத்துலயா இருந்துச்சு,” என்றாள்.

அன்றைக்கு அத்தான் மீன் பெட்டிகளுக்கு நடுவில் படுத்து வந்தவர். வொர்க்‌ஷாப்புக்குப் பல தடவை போன சாலைதான், ஆனால் அன்றைக்கு வந்த வழியாக அதை அவரும் இப்போதுதான் பார்க்கிறார். கையை நீட்டி அக்காவின் கை மேல் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் முன்னால் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார். நோயாளி யார் என்று மலாயில் கேட்டார். யாரும் இல்லை என்றாள் அக்கா. அப்படியானால் இங்கே நிறுத்தக் கூடாது, காரை எடுங்கள் என்றார் அவர்.

தர்ஷினி முன்னால் சாய்ந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் அழுதது அக்காவின் ரவிக்கையில் ஈரமாகத் தெரிந்தது.

“ஒங்க வீட்டுக்கே போலாம்மா,” என்றாள்.

அக்கா கோல சிலாங்கூர் பக்கமாகக் காரைத் திருப்பினாள்.